நாயைப் பழக்க யாரை அழைப்பது?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் வளரும் கலப்பின நாய்கள் பலவற்றின் பூர்வீகத்தை விசாரித்தால், துவாஸ், சுங்கை காடுட் போன்ற தொழிற்பேட்டைகளிலோ ஏதாவது ஒரு கட்டுமானத் தளத்திலோ போய் நிற்போம். அங்கே அவற்றுக்கு முதலில் சோறு வைத்தவர் பெரும்பாலும் ஒரு வெளிநாட்டு ஊழியராக இருப்பார். தமிழ்நாட்டுக்காரர் அல்லது பங்களாதேஷ்காரர். தளத்தில் வேலை முடிந்து ஆட்கள் கலைந்து போனாலும் நாய் போவதில்லை. பிறகு விலங்குநல அமைப்பு ஏதாவது அதைப் பிடித்துக் கருத்தடை செய்து, யாராவது தத்தெடுத்தால், பன்னிரண்டாவது மாடிக்குக் குடியேறுகிறது.

அப்படி ஒரு தளத்து நாய்க்குச் சோறு வைத்துவந்த சிவகங்கைப் பக்கத்து இளைஞர் ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேனில் பேசிக்கொண்டிருந்தேன். “நாங்க திங்கிறதுல ஒரு பிடி வைப்போம்ண்ணே, அவ்ளோதான். நான் லாரியில இருந்து இறங்குறப்பவே கண்டுபிடிச்சிரும்” என்றார். எப்போதாவது அடித்ததுண்டா என்று கேட்டேன். “அத எதுக்குண்ணே அடிக்கணும்? ஊர்ல எங்க வீட்டு நாயத்தான் எங்கப்பா கட்டிப்போட்டு அடிப்பாரு. சொன்ன பேச்சு கேக்கணும்ல.”

அவர் சாதாரணமாகச் சொன்ன இந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. தமிழ்நாடானாலும் யாழ்ப்பாணமானாலும் யாருக்கும் சொந்தமில்லாத நாயிடம் நம்மவர்கள் இயல்பாகவே இதமாக நடந்துகொள்கிறார்கள். சோறு வைப்பார்கள், தட்டிக்கொடுப்பார்கள், மழைக்குத் திண்ணையில் படுக்கவிடுவார்கள். அதே நாய் கதவுக்குள் வந்து ‘நம் நாய்’ ஆனதும் சங்கிலியும் கம்பும் வந்துவிடுகின்றன. அடியாத மாடு படியாது என்ற பேச்சும் கூடவே வருகிறது. இந்தியா, இலங்கை இரண்டு நாடுகளிலும் இது ஒரே மாதிரி நடக்கவில்லை. சிங்கப்பூரில் குடியேறிய நாம் எந்த ஊர் வழக்கத்தைக் கொண்டுவந்தோம், எதை விட்டுவிட வேண்டும் என்பதைப் பார்க்க அந்த வேறுபாடு உதவும்.

முதலில் இந்தியா. அங்கே வசதி வந்த குடும்பங்கள் நாய்க்கு ‘ட்ரெய்னர்’ வைக்கின்றன. சென்னை, கோவை, பெங்களூர் எங்கும் பார்க்கலாம். விடிகாலை ஆறு மணிக்கு ஒருவர் இருசக்கர வண்டியில் வருவார். கழுத்தை இறுக்கும் சோக் செயினை மாட்டி நாயைத் தெருவுக்குக் கூட்டிப்போவார். அரை மணி நேரம் ‘சிட்’, ‘டவுன்’, ‘ஹீல்’. வீட்டுக்காரர் மாடியிலிருந்து காப்பி குடித்தபடி பார்ப்பார். மாதம் முடிந்ததும் நாய் அந்த மனிதர் கண்ணசைத்தால் உட்காரும். வீட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. இன்னும் வசதியுள்ளவர்கள் நாயை ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் ஒரு மாதம், இரண்டு மாதம் விட்டுவைக்கிறார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. திரும்பி வந்த நாய் அமைதியாக இருந்தால் ‘நல்லாப் பழக்கிட்டாங்க’ என்று நம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பயிற்றுநர்களில் பலர் ராணுவத்திலோ காவல்துறையிலோ நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர்கள். மீரட்டில் ராணுவக் கால்நடைப் படையின் மையம் இருக்கிறது; குவாலியர் அருகே டேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் தேசிய நாய்ப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கெல்லாம் ஒரு நாய்க்கு ஒரு கையாளுநர். இருவரும் நாள் முழுக்க ஒன்றாகவே இருப்பார்கள். நாயைக் குளிப்பாட்டுவதும் அவர்தான், ஊட்டுவதும் அவர்தான். அந்த நெருக்கத்தில்தான் அங்கே பயிற்சி பலிக்கிறது. ஓய்வுபெற்றவர் குடும்ப நாய்க்குப் பயிற்சி கொடுக்க வரும்போது அரை மணி நேரத்தில் அந்த நெருக்கத்தைக் கொண்டுவர முடியாது. அவர் கொண்டுவர முடிந்தது சங்கிலியும் அதட்டலும் மட்டுமே. அவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒரு சூழலுக்கென்று உருவான முறையை அந்தச் சூழல் இல்லாத இடத்தில் விற்கிறார்கள், அவ்வளவுதான்.

‘நீங்கள்தான் கூட்டத் தலைவர் என்று நாய்க்குக் காட்ட வேண்டும்’ என்ற பேச்சும் இந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சின் தோற்றுவாய் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் எழுதிய ஓநாய் ஆய்வு. அவர் கவனித்தவை பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள். வெளியேற வழியில்லாமல் ஒரே அடைப்பில் இருந்ததால் சண்டையிட்டவை. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970இல் வெளியிட்ட தம் நூலில் அந்தக் கருத்தைப் பரப்பினார். பிறகு காட்டில் ஓநாய்களோடு ஆண்டுக்கணக்கில் இருந்து பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தகப்பனும் குட்டிகளும் சேர்ந்த குடும்பமே என்று 1999இல் அவரே எழுதினார். அந்தத் திருத்தம் பயிற்சித் தொழிலின் கடைசி வரிசைவரை இன்னும் போய்ச்சேரவில்லை.

இந்தியாவில் மாற்றமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மும்பையின் ஷிரின் மெர்ச்சண்ட் போன்றோர் பல ஆண்டுகளாக அடி இல்லாத முறையைக் கற்பித்துவருகிறார்கள். பெருநகரங்களில் இளைய பயிற்றுநர்கள் கிளம்பியிருக்கிறார்கள். என்னை அதைவிடவும் கவர்ந்தது கொல்கத்தாவின் ஐஐஎஸ்இஆர் அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பற்றிச் செய்துவரும் ஆய்வு. முன்பின் தெரியாத ஒருவர் பல நாள் வந்து சிலவற்றுக்கு உணவு கொடுக்கிறார், சிலவற்றைத் தடவிக்கொடுக்கிறார். கடைசியில் தடவிக்கொடுத்தவரைத்தான் நாய்கள் அதிகம் நம்பின என்று 2017இல் வெளியிட்டார்கள். 2020இல் வந்த இன்னோர் ஆய்வில், மனிதர் கைகாட்டிய கிண்ணத்துக்குத் தெருநாய்கள் போகின்றனவா என்று பார்த்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல், கிட்ட வந்த நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு சரியான கிண்ணத்துக்குப் போயின. ஆனால் ஏறத்தாழ பாதி நாய்கள் பயத்தில் கிட்டவே வரவில்லை. நாய்க்குப் புரியும் ஆற்றல் பயிற்சி இல்லாமலே இருக்கிறது; அதை மறைப்பது மனிதர்மேல் உள்ள பயம். பயத்தை மேலும் ஏற்றிப் பயிற்சி கொடுப்பதில் என்ன பயன்?

சட்டத்தைப் பார்த்தால், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கக் கூட்டிப்போகாமல் விடுவதைக் குற்றம் என்று நாயின் பெயரைச் சொல்லியே குறிப்பிடுகிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. சென்னையில் 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியபோது ஊரே கொதித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே மத்திய அரசு 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்துவிட்டது. எந்த இனம் என்ற விவாதம் நடந்த அளவுக்கு, அந்த நாய்களை யார், எப்படிப் பழக்குகிறார்கள் என்ற விவாதம் நடக்கவில்லை என்பது என் வருத்தம்.

இலங்கையில், குறிப்பாக வடக்கில், நிலைமை வேறு. அங்கே நாய்ப் பயிற்றுநர் என்று ஒருவரை வீட்டுக்கு அழைக்கும் வழக்கமே அரிது. கொழும்பில் உயர்சாதி நாய் வளர்ப்பவர்களிடையே உண்டு. கண்டி அஸ்கிரியவில் பொலிசாரின் மோப்ப நாய்ப் பிரிவு உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் நாயைப் பழக்கியது வீட்டைச் சுற்றியிருந்த வளவுதான். வேலி, படலை, கிணற்றடி, குசினி வாசல் என்று அதற்கு ஓர் உலகம் இருந்தது. எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்பதை நாளடைவில் அதுவே விளங்கிக்கொண்டது. படலையில் ‘கடிநாய் கவனம்’ என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே போனால் வாலை ஆட்டிக்கொண்டு ஒரு கிழட்டு நாய் எழுந்து வரும்.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாய் காவலுக்கு என்று நினைத்த வீடுகளில் பகலெல்லாம் கட்டிவைத்து இரவில் அவிழ்த்துவிடுவார்கள், கோபம் ஏற வேண்டும் என்று. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் இதே வழக்கம் உண்டு. கட்டிவைத்த நாய் காவல் காக்கக் கற்பதில்லை. தப்பிக்க வழியில்லாத இடத்தில் யார் வந்தாலும் முந்திக்கொண்டு பாய வேண்டும் என்பதையே கற்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தெடுக்க வந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

இலங்கையின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். தண்டப்பணம் 100 ரூபாய்வரை. புதிய சட்டம் ஒன்றை 2006இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்தது. அது நிறைவேறாமல் ஆண்டுக்கணக்காகக் கிடக்கிறது. ஆனாலும் அதே 2006இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்த அரசு முடிவெடுத்தது. புளூ போ டிரஸ்ட் போன்ற அமைப்புகள் கொழும்பு மாநகரசபையோடு சேர்ந்து கருத்தடை, தடுப்பூசி வேலைகளைச் செய்தன. இந்தியாவில் அந்த வழியை முதலில் காட்டியது சென்னையின் புளூ கிராஸ். 1960களிலேயே அவர்கள் பேசிவந்ததை மாநகராட்சி 1996இல்தான் ஏற்றது. இவ்விரு நாடுகளும் தெருநாயைக் கொல்லாதிருக்கக் கற்றுக்கொண்டன. வீட்டு நாயை எப்படி நடத்துவது என்பதை இரண்டுமே குடும்பத்தின் சொந்த விவகாரமாக விட்டுவிட்டன.

இலங்கையில் அன்பான பயிற்சிக்கு ஒரு பெரிய சான்று நம் கண்முன்னே இருந்தும் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. கண்ணிவெடி தேடும் நாய்களைச் சொல்கிறேன். மார்ஷல் லெகசி என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் இலங்கைக்கும் அப்படிப்பட்ட நாய்களை அனுப்பியது. வெடிமருந்தின் வாடை பட்டதும் நாய் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அதற்குப் பிடித்த ரப்பர்ப் பொம்மை கிடைக்கும், கொஞ்சம் விளையாட்டு, ஒரு தட்டிக்கொடுப்பு. பயத்தில் வேலை செய்யும் நாயை அங்கே நம்ப முடியாது. அடிக்குப் பயந்த நாய், தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்டும், அல்லது தெரிந்ததைக் காட்டாமல் விட்டுவிடும். பின்னால் வருபவரின் கால் போய்விடும். உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்கள் பரிசு கொடுக்கும் முறையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் நடந்த மண்ணில், ஒரு வீட்டு நாய் செருப்பைக் கடித்ததற்குக் கம்பெடுக்கிறோம்.

இனி சிங்கப்பூர். பஃபலோ ரோடு, சாந்தர் ரோடு பக்கத்து வீவக புளோக்குகளில் நாயோடு குடியிருப்பவருக்கு வளவும் இல்லை, தெருவும் இல்லை. தாழ்வாரமும் மின்தூக்கியும்தான் இருக்கின்றன. வீவக வீட்டுக்கு ஒரே ஒரு நாய், அதுவும் பட்டியலில் உள்ள 62 சிறிய இனங்களில் ஒன்று என்பது விதி. மீறினால் 4,000 வெள்ளிவரை அபராதம். தொழிற்பேட்டையில் பிறந்த கலப்பின நாய்க்கு அந்தப் பட்டியலில் இடமில்லாததால், 2012இல் அடோர் என்ற தத்தெடுப்புத் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 2020 மார்ச்சிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம்வரை உள்ள நாய்களை அதன் கீழ் வளர்க்கலாம். எடைக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தில் வரும் நாய்க்கு அடிப்படைப் பயிற்சி கட்டாயம். வீவக வீடுகளில் அனுமதியில்லாத ராட்வைலர், டாபர்மன் போன்றவற்றுக்கு வெளியே போகும்போது கயிறும் வாய்மூடியும் கட்டாயம். விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 15,000 வெள்ளி அபராதமும் 18 மாதச் சிறையும் வரை போகலாம். இந்தியாவில் விலங்குநல வாரியம் அடுக்குமாடிச் சங்கங்களைப் பார்த்து ‘நாயைத் தடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை, லிஃப்டில் ஏறவிடுங்கள்’ என்கிறது. இங்கே ‘வளர்த்துக்கொள், ஆனால் இந்த நிபந்தனைகளோடு’ என்கிறார்கள். உரிமையைக் கொடுத்துவிட்டுப் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் விடுவதைவிட, பயிற்சியை நிபந்தனையாக்குவது நல்லது என்றே நினைக்கிறேன்.

பயிற்சி ஏன் இங்கே இவ்வளவு முக்கியம் என்பதை மின்தூக்கி வாசலில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். கதவு திறக்கும்போது உள்ளே ஒரு மலாய்ப் பாட்டி நிற்கலாம். நாகூரிலோ கீழக்கரையிலோ பூர்வீகமுள்ள ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் நிற்கலாம். ஷாஃபி வழியைப் பின்பற்றும் அவர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிறவரின் உடையில் நாய் மூக்கை வைத்துவிட்டால் அவருக்கு அது சிறிய விஷயமல்ல. நாயை மூலைப்பக்கம் நிறுத்தி, நடுவில் நாம் நின்றுகொள்ளலாம்; அல்லது ‘நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்’ என்று சொல்லி விலகி நிற்கலாம். நாய் அந்த நேரத்தில் குதிக்காமல் இருந்தால்தான் இரண்டும் முடியும்.

செங்காங்கில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் அடோர் திட்டத்தில் நாய் எடுத்தவர். “எங்கட வீட்டில ஆர் நாய் பழக்கினது? அது தன்பாட்டில பழகினது. படலையடியில ஆரும் வந்தாக் குலைக்கும், அம்மா சும்மா இரு எண்டா இருந்திடும். இஞ்சை கதவைத் திறந்தா நாலு வீட்டுச் சனம் போய் வருது. அது பாவம், எல்லாரையும் கள்ளர் எண்டு நினைக்குது” என்றார். பக்கத்து வீட்டிலிருந்து குரைப்பு பற்றிப் புகார் வந்த பிறகு அவர் முதலில் அழைத்த பயிற்றுநர், நாயின் கழுத்தில் மின்னதிர்ச்சிப் பட்டை மாட்டிவிட்டால் ஒரு வாரத்தில் அடங்கிவிடும் என்றாராம். அவர் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண். அவர் செய்ததை நான் அருகிருந்து பார்த்தேன்.

முதல் நாள் அவர் நாயைத் தொடவே இல்லை. மின்தூக்கியிலிருந்து நான்கு கதவு தள்ளி, தாழ்வாரத்தில் அந்த வீட்டுக்காரரை நாயோடு நிற்கச் சொன்னார். மின்தூக்கி வரும் மணியோசை கேட்டதும் நாயின் காது நிமிர்ந்தது. குரைக்கும் முன்பே ஒரு துண்டு அவித்த கோழி. மறுபடி மணி, மறுபடி கோழி. கொஞ்ச நேரத்தில் மணி அடித்ததும் நாய் மின்தூக்கியைப் பார்க்காமல் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தது. ஒரு கதவு முன்னே போனார்கள். அங்கே நாய் கோழியைத் தின்ன மறுத்தது, உதட்டை நக்கியது, கொட்டாவி விட்டது. பயிற்றுநர் உடனே பின்னால் வரச் சொன்னார். “பசி இல்லாம இல்ல, பயம். இந்த இடம் இன்னைக்கு அதுக்கு ரொம்பக் கிட்ட” என்றார். நாய் உறுமினால் அதட்டக்கூடாது என்றும் சொன்னார். உறுமல் அது தரும் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். மின்தூக்கிக்குள் அமைதியாக நிற்க அந்த நாய்க்கு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆனது. கோழித் துண்டு ஒவ்வொன்றையும் கொடுத்தது வீட்டுக்காரரின் கைதான், பயிற்றுநரின் கை அல்ல. இந்திய ‘ட்ரெய்னரு’க்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு எனக்கு அங்கேதான் தெளிவாகத் தெரிந்தது.

இது இரக்கத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. போர்ச்சுகலின் போர்ட்டோவில் ஏழு பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 வீட்டு நாய்களை எடுத்து ஆய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். தண்டிக்கும் பள்ளிகளின் நாய்கள் வகுப்பில் அதிகம் உதடு நக்கின, அதிகம் கொட்டாவி விட்டன. எச்சிலில் மன அழுத்த இயக்குநீரான கார்ட்டிசால் கூடியது. வகுப்பு முடிந்த பிறகும் விளைவு தொடர்ந்தது. ஒரு பக்கம் உணவுள்ள கிண்ணம், மறுபக்கம் வெறுங்கிண்ணம் என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தபோது, தண்டனையில் பழகிய நாய்கள் அதில் ஒன்றும் இருக்காது என்று எண்ணியதுபோல் மெதுவாகவே போயின.

யாரை அழைப்பது என்பதற்கு வருகிறேன். இங்கே நாய் பழக்கும் தொழிலை யாரும் தொடங்கலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவு (ஏவிஎஸ்) அங்கீகரித்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். 2022இல் பயிற்சிக்கான வழிகாட்டி நெறிகளும் வந்தன. பரிசு கொடுத்துப் பழக்குவதையே அவை முதலில் கையாளச் சொல்கின்றன. பட்டியலைப் பார்ப்பது நல்ல தொடக்கம். அதோடு நிறுத்திவிடாதீர்கள், தொலைபேசியில் பேசும்போதே கேளுங்கள்: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள்? தவறாகச் செய்தால் அதற்கு என்ன நடக்கும்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேட்க வேண்டும். ‘திருத்துவோம்’, ‘சிக்னல் கொடுப்போம்’ என்று மழுப்பினால், எதைக் கொண்டு, உடம்பில் எங்கே என்று விடாமல் கேளுங்கள். முள்பட்டை, மின்பட்டை, சோக் செயின் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். நாயை இரண்டு வாரம் என்னிடம் விடுங்கள், திருத்தித் தருகிறேன் என்பவரை நான் அழைக்க மாட்டேன். ஒரு வகுப்பை வந்து பார்க்கலாமா என்று கேட்டால் தயங்குபவரையும், இத்தனை நாளில் நிச்சயம் என்று உறுதி தருபவரையும் அப்படியே. எந்த நல்ல மருத்துவரும் அப்படி உறுதி தருவதில்லை. ‘திடீரென்று கடிக்கத் தொடங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலியாக இருக்கலாம்’ என்று சொல்பவர் கிடைத்தால் அவரை நம்பலாம்.

கட்டணம் குறைவல்ல, வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு தடவைக்கு நூறு வெள்ளிக்கு மேல் கேட்பார்கள். அது முடியாதவர்கள் குழு வகுப்புக்குப் போகலாம். தத்துக் கொடுத்த அமைப்பிடமும் உதவி கேட்கலாம். சைவக் குடும்பங்கள் கோழிக்கு என்ன செய்வது என்று கேட்பதுண்டு. பனீர்த் துண்டு போதும், பல நாய்கள் அதற்கு உயிரை விடும். கேசரி, பாயசத்தில் கிடக்கும் கிஸ்மிஸை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு நஞ்சு; வெங்காயமும் ஆகாது.

பயம் பற்றி இன்னொன்று. தமிழ்நாட்டில் தீபாவளி இரவு கட்டிலுக்கடியில் நடுங்கிக் கிடக்கும் நாய்களையும், வெடிக்குப் பயந்து ஓடித் தொலைந்த நாய்களையும் எல்லாருக்கும் தெரியும். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டு வெடிக்கும் அதே கதி. சிங்கப்பூரில் 1972 முதல் வெடிக்குத் தடை இருப்பதால் சிராங்கூன் ரோட்டு நாய்க்கு அந்தத் துன்பம் இல்லை. ஆனால் இடி இருக்கிறது, அதுவும் இந்த ஊரில் ஓயாமல். இடிக்கு நடுங்கும் நாயை அணைத்துக்கொண்டால் பயம் கூடும் என்று பழைய பயிற்றுநர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. பயத்தில் இருக்கும் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் கொடுப்பதால் எந்தக் கெட்ட பழக்கமும் வராது.

கடைசியாக, பலர் நினைத்துப் பார்க்காத ஒரு விஷயம். இங்கே நிறைய வீடுகளில் நாயை நடக்கக் கூட்டிப்போவது வீட்டுக்காரர் அல்லர், பணிப்பெண். அவர் தஞ்சாவூர்க்காரராகவோ நுவரெலியாத் தோட்டத்துப் பெண்ணாகவோ இருக்கலாம். நாயோடு அதிக நேரம் இருப்பவரும், மின்தூக்கியில் அண்டை வீட்டாரின் பார்வைக்கு ஆளாகிறவரும் அவரே. பயிற்றுநர் வரும் நாளில் அவரைச் சமையலறையில் விட்டுவிட்டு வீட்டுக்காரர் மட்டும் ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டால், நாய்க்கு ஒரே வீட்டில் இரண்டு சட்டங்கள். ஊரில் வளவு நாயோடு வளர்ந்த அவருக்கு நாயின் முகத்தைப் படிக்க நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கவும் கூடும். அதனால் பயிற்றுநரிடம் முதல் பேச்சிலேயே இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: அவரும் வகுப்பில் நிற்பார், புரியாததைத் தமிழில் சொல்ல வேண்டும் அல்லது செய்து காட்ட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய ஓய்வு நாளிலிருந்து எடுக்காமல், வேலை நேரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.